முகமும் பத்திரிகையும்: போல் செசானின் உருவப்படமொன்று பற்றி

பத்திரிகையாளர் ஒருவர் மறைந்துவிட்டால், அல்லது மறைக்கப்பட்டுவிட்டால், அவருக்கு அஞ்சலி செலுத்த விரும்பும் மாணவ ஓவியன் முதலில் தேடுவது அவருடைய புகைப்படத்தையே. ஏடுகளில் வெளிவந்த படம் கட்டங்களாகப் பிரிக்கப்படும். பென்சில் கொண்டு ஒளியும் நிழலும் தீட்டப்படும். நெற்றிச் சுருக்கமும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பும் பிசகாது வந்துவிட்டால் படம் வெற்றி பெற்றதாகக் கொள்ளப்படும். பின்னர் நினைவுக் கூட்ட மேடையில் மாலையுடன் அது வைக்கப்படும். இம்முயற்சியின் பின்னாலுள்ள நேர்மையை ஐயுறுதற்கு இடமில்லை. எனினும், படத்தின் கீழுள்ள பெயரை ஒரு கணம் மறைத்துவிட்டு நோக்குமிடத்து, அதிலுள்ளவர் ஒரு பாடசாலை அதிபரா, வைத்தியரா, கூட்டுறவுச் சங்கத் தலைவரா என்று சொல்லவியலாது. அவர் எழுதினார் என்பதற்கோ, எழுதியதனாலேயே மதிக்கப்பட்டார் என்பதற்கோ அங்கு ஒரு சான்றும் இல்லை. சிலர் இக்குறையை உணர்ந்து கையில் ஒரு பேனாவை வரைந்துவிடுவர். பேனா கணக்கப்பிள்ளைக்கும் உண்டு.

எழுத்தினால் அறியப்பட்ட ஒருவரைக் கோட்டினாலும் வண்ணத்தினாலும் எவ்வாறு கௌரவிப்பது என்னும் இவ்வினா புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில், பிரான்சில், ஓர் இளம் ஓவியரும் ஓர் இளம் பத்திரிகையாளரும் இவ்வினாவை நேரே எதிர்கொண்டனர். ஓவியர் போல் செசான். பத்திரிகையாளர் எமில் சோலா. பின்னாளில் முன்னவர் நவீன ஓவியத்தின் மூலவர்களுள் ஒருவராகவும், பின்னவர் நாவலாசிரியராகவும் உலகப் புகழ் எய்தினர். ஆயினும் இங்கு கருத்திற் கொள்ளப்படுவது அப்புகழ் வருவதற்கு முற்பட்ட காலமே. செசான் அப்பொழுது எந்தக் கலைக்கழகமும் ஏற்காத மாணாக்கர். சோலா வயிற்றுப்பாட்டுக்காகப் பத்தி எழுதியவர்.

இருவரும் தென்பிரான்சின் எக்ஸ் நகரில் ஒரே கல்லூரியிற் பயின்ற நண்பர்கள். சோலா 1858இல் பரிசுக்குச் சென்றுவிட்டார். தந்தையின் வற்புறுத்தலாற் சட்டம் பயின்றுகொண்டிருந்த செசான், நண்பரின் இடைவிடாத கடிதங்களாலும் உந்தப்பட்டு, 1861 ஏப்ரிலில் அங்கு போய்ச் சேர்ந்தார். காலையில் 'அகடமி சுவிஸ்' என்னும் கூடத்திற் பயிற்சி. ஆசிரியர் என்று எவரும் அங்கில்லை, சிறு கட்டணம் செலுத்துவோர் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்து வரையலாம், அவ்வளவே. அந்தக் கோடையிற்றான் அவர் சோலாவின் உருவப்படத்தை வரையத் தொடங்கினார். மூன்றாவது நண்பரான பாய்ல் என்பவருக்குச் சோலா எழுதிய கடிதமொன்றினால் இம்முயற்சியின் முடிவு தெரியவருகின்றது. படம் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. திருத்தத் திருத்தச் சீர்கெட்டது. ஒரு நாள் சோலா வழமைபோல் அமர்ந்து கொடுக்கச் சென்றபொழுது, செசான் பெட்டியில் உடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். படம் கிழித்தழிக்கப்பட்டுவிட்டது, ஓவியர் ஊர் திரும்பப் போகின்றார். அன்று அவர் தடுத்து நிறுத்தப்பட்டபோதிலும், அவ்வாண்டின் இறுதிக்குள் எக்சுக்குத் திரும்பித் தந்தையின் வங்கியில் அமர்ந்தார் என்பது வரலாறு. அரச நுண்கலைக் கல்லூரியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இத்தோல்விக்குக் கைத்திறன் போதாமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதனை மாத்திரமே காரணமாகக் கூறிவிடுதல் பொருந்தாது. சோலா அக்காலத்தில் வேலையற்று, ஒரு வரியும் அச்சிற் பெயர்பெறாத நிலையில், வறுமையில் உழன்ற இருபத்தொரு வயது இளைஞர். நண்பன் பெரியவன் என்னும் நம்பிக்கை செசானிடம் இருந்தது. அப்பெருமை முகத்தில் எங்கு இருக்கின்றது என்பது அவருக்குத் தெரியவில்லை. இல்லாத இடத்தில் ஒன்றைத் தேடிக் கோடு மேற் கோடு இழுத்தமையினாலேயே படம் பாழாயிற்று எனக் கருத இடமுண்டு. புகைப்படத்தைப் பார்த்து வரைபவன் இவ்வின்னலுக்கு ஆளாவதில்லை. அவனுக்கு முன்னர் கருவி ஒன்று முகத்தை முடிவு செய்துவிட்டிருக்கின்றது. அவன் அதன் தீர்ப்பைப் படியெடுக்கின்றான்.

ஐந்தாண்டுகள் கழிந்து, 1866இல், நிலைமை மாறியிருந்தது. அஷெத் பதிப்பகத்திற் பொதி கட்டும் வேலையிற் சேர்ந்து விளம்பரப் பகுதிக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு உயர்ந்த சோலா, அப்பணியை விட்டு நீங்கி, வில்மெசான் என்பார் நடத்திய 'லெவெனெமான்' என்னும் நாளேட்டில் எழுதத் தொடங்கினார். அப்பெயருக்கு 'நிகழ்ச்சி' என்பது பொருள். அவ்வாண்டின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும் பொறுப்பு அவர்பால் வந்தது.

அக்கண்காட்சியின் தன்மையை விளங்கிக்கொள்ளாதவிடத்து இதன் பின் நிகழ்ந்தவற்றின் கனதி புலப்படாது. 'சலோன்' எனப்பட்ட அது மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் அரசின் ஆதரவில் நடைபெற்றது. தனியார் ஓவியக் கூடங்கள் இன்று போல் பெருகியிராத அக்காலத்தில், ஓர் ஓவியன் மக்கள் முன் வருவதற்கும், படம் விற்றுப் பிழைப்பதற்கும் இருந்த பெருவாயில் அது ஒன்றே. வாயிலிற் காவலிருந்தது நடுவர் குழு. 1863இல் நிராகரிக்கப்பட்டோர் தொகை அளவிறந்து, முறையீடுகள் எழவே, மன்னரே அவர்களுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றை அனுமதிக்க நேர்ந்தது, அது தொடரவில்லை. 1866இல் எதுவார் மனேயின் படங்கள் தள்ளப்பட்டன. செசானின் படமும் தள்ளப்பட்டது. ஏப்ரில் 19ஆம் திகதி செசான் நுண்கலைத் துறையின் பொறுப்பாளர்க்கு ஒரு கடிதம் வரைந்தார்: தம்மை மதிப்பிடுமாறு தாம் எவரையும் கேட்கவில்லை, அத்தகையோர் தீர்ப்பைத் தாம் ஏற்பதற்கில்லை, நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சி மீண்டும் நடத்தப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். பெயரறியா மாணவன் ஒருவன் அரச அதிகாரிக்கு எழுதும் தோரணை அதில் இல்லை. அக்கடிதத்திற் சோலாவின் கையும் இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர்.

எட்டு நாட்களின் பின் சோலாவின் முதற் கட்டுரை வெளிவந்தது. அவர் ஓவியங்களைப் பற்றிப் பேசவில்லை. நடுவர் குழுவைப் பற்றிப் பேசினார். அதில் இருப்போர் யாவர், அவர்கள் எவ்வாறு தெரிவாயினர், யாருக்கு அஞ்சுகின்றனர் என்று ஒரு பத்திரிகையாளன் கேட்கவேண்டிய வினாக்களைக் கேட்டார். அடுத்துச் சலோனில் தொங்காத மனேயைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதி, அவருக்கு லூவரில் இடம் காத்திருக்கின்றது என்னும் கருத்தை வெளியிட்டார். வாசகர் கொதித்தெழுந்தனர். வில்மெசான் வியாபாரி, சந்தாதாரரைத் திருப்திப்படுத்த எதிர்க்கருத்துடைய வேறொருவரையும் எழுதவைக்க முன்வந்தார். மே 20ஆம் திகதி சோலா விடைபெற்றுக்கொண்டார். அக்கட்டுரைகள் அதே ஆண்டிற் சிறுநூலாக வெளிவந்தபொழுது, அதன் முன்னே செசானுக்கு விளித்தெழுதிய நீண்ட காணிக்கையுரை இருந்தது. பத்தாண்டுகளாக இருவரும் கலையும் இலக்கியமும் பேசிக் கழித்த பொழுதுகளை அது நினைவுகூர்கின்றது. ஆயின், நூலின் கட்டுரைகளிற் செசானின் ஓவியம் எதைப் பற்றியும் ஒரு மதிப்பீடு இல்லை என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. நண்பனைச் சோலா நேசித்தார். நண்பனின் படங்களைப் பற்றி அச்சிற் பேசத் துணிந்தாரல்லர்.

இந்தப் பத்திரிகையாளருக்குச் செசான் செலுத்திய அஞ்சலி எதுவெனின், சோலாவின் முகமே இல்லாத ஓர் உருவப்படம்.

அது அவர் தந்தையின் படம். ஏறக்குறைய 2 மீற்றர் உயரமும் 1.2 மீற்றர் அகலமும் கொண்ட அப்பெரிய ஓவியம் இன்று வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ளது. உயர்ந்த முதுகுடைய, பூவேலைத் துணி போர்த்த சாய்வு நாற்காலியில் முதியவர் அமர்ந்திருக்கின்றார். தலையிற் கருந்தொப்பி, காலிற் கனத்த பாதணிகள், கால் மேற் கால். இரு கைகளாலும் விரித்துப் பிடித்த பத்திரிகையில் அவர் கண்கள் தாழ்ந்திருக்கின்றன. வண்ணம் பல இடங்களிற் கத்தியாற் பூசப்பட்டது போன்று தடித்து, சுவரிற் சாந்து பூசுவோன் வேலையை நினைவூட்டுகின்றது. நாற்காலி சற்றே கோணலாக, தளத்தோடு முற்றும் பொருந்தாமல் நிற்கின்றது. தந்தைக்குப் பின்னால், சுவரில், ஒரு சிறு சடப்பொருள் ஓவியம்: சர்க்கரைக் கிண்ணம், பேரிக்காய்கள், நீலக் கோப்பை. அது செசானே வரைந்தது. பத்திரிகையின் முதற்பக்கம் பார்ப்போரை நோக்கியிருக்கின்றது. அதன் தலைப்பு ஐயத்துக்கிடமின்றிப் பெரிய எழுத்துக்களில் வாசிக்கத்தக்கதாக உள்ளது: 'லெவெனெமான்'.

தந்தை லூயி ஒகூஸ்த் செசான் யாரென அறியாதவர்க்கு இத்தலைப்பு ஒரு தற்செயலாகவே தோன்றும். தொப்பி வியாபாரத்திற் பொருளீட்டி, 1848இல் வங்கியொன்றை வாங்கி, ஊரின் புதுப்பணக்காரராக உயர்ந்தவர் அவர். மகன் சட்டம் பயில வேண்டும், வங்கியைக் கொண்டு நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓவியத்தை ஒரு தொழிலாக அவர் மதிக்கவில்லை; மகனைப் பரிசுக்கு இழுத்த சோலாவின் மீது அவருக்கு நல்லெண்ணம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆயின் பரிசில் மகன் உண்டதும் உடுத்ததும் வண்ணம் வாங்கியதும் அவர் அனுப்பிய பணத்தினாலேயே. நிலவுடைமைப் பிரபுத்துவத்துக்குப் பதிலாகப் பணமுடைமை ஆட்சி செய்த ஒரு சமூகத்தின் முழு உருவமாக அவர் அந்த நாற்காலியில் வீற்றிருக்கின்றார். இப்படத்தைக் கண்ட கியுமே என்னும் ஓவிய நண்பர், முதியவர் அரியணையிலமர்ந்த பாப்பரசரைப் போலத் தோற்றுகின்றார் எனச் சோலாவுக்கு எழுதினார். ஆனால் அவர் ஒரு விலக்கும் கூறினார்: கையில் 'லு சியெக்கிள்' மட்டும் இல்லாதிருந்தால்!

அதாவது, 1866 இலையுதிர் காலத்திற் கியுமே கண்ட படத்தில் இருந்தது வேறொரு பத்திரிகை. 'லு சியெக்கிள்' தாராளவாதச் சார்புள்ள, நடுத்தர வர்க்கத்தார் பெரிதும் வாசித்த நாளேடு. தந்தை அன்றாடம் படித்ததும் அதுவே. அப்பெயரை அழித்து, அதன் மேல் 'லெவெனெமான்' என்பதைச் செசான் பின்னர் எழுதியிருக்கின்றார். 'நூற்றாண்டு' என்னும் பெயரை எடுத்துவிட்டு 'நிகழ்ச்சி' என்னும் பெயரை வைத்தார் என்று சொற்பொருள் கொண்டு விளையாடலாம்; அது ஓவியர் கருதிய விளையாட்டு என்று கொள்ளவேண்டியதில்லை.

இச்சிறு மாற்றத்திலேயே படத்தின் பொருள் முழுவதும் தங்கியிருக்கின்றது. சோலாவின் முகத்தை வரைந்து மகிழ்வதற்கு நண்பர் கூட்டம் போதும். சோலாவின் எழுத்து யாரை நோக்கிச் செல்லவேண்டியிருந்ததோ அவர், அதாவது கலையை நடுவர் குழுவின் முத்திரை கொண்டு அளப்பவர், எதிர்ப்புக் கடிதம் எழுதிய சந்தாதாரரின் வர்க்கத்தைச் சேர்ந்தவர், அதனை வாசிக்கமாட்டார். செசான் அவரை நாற்காலியில் அமர்த்தி, அவர் கையில் அதனைத் திணித்து, அவர் கண்களை அதன் மீது தாழ்த்திவைக்கின்றார். பத்திரிகையாளனுக்கு உருவப்படம் தேவையில்லை, வாசகன் தேவை. வாழ்வில் கிடையாத வாசகனை ஓவியம் உண்டாக்கிக் கொடுக்கின்றது. தந்தையின் முதுகுக்குப் பின்னால் மகனின் ஓவியம் தொங்குவதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் வாசிக்கும் தாளை ஒழுங்காக வாசித்து முடிப்பாரெனின், திரும்பிப் பார்க்கக்கூடும். அந்த நம்பிக்கையின் நிழல் படத்தில் இருக்கின்றது. அதற்கு மேல் இல்லை. முதியவரின் முகத்திற் கனிவோ மனமாற்றமோ எதுவும் காட்டப்படவில்லை. அவர் தமக்கே உரிய உறுதியோடு வாசிக்கின்றார். ஒருவேளை சினத்தோடும் வாசிக்கலாம். இந்த இடத்தில் ஓவியர் காட்டிய அடக்கம் பெரிது.

ஆயினும் இதிலொரு சங்கடமும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் திறனாய்வுக்கு அழகன்று. பத்திரிகைத் தொழிலின் முதற்கடன் உண்மை. நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டும் ஓர் ஓவியம் ஒரு பத்திரிகையாளனுக்கு அஞ்சலியாதல் எங்ஙனம்? தந்தை படித்தது 'லு சியெக்கிள்'. நிருபர் ஒருவர் செய்தியில் இவ்வாறு பெயரை மாற்றியிருந்தால் அது பொய்யெனப்படும். மேலும், இச்சாடையை விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் அக்காலத்தில் நண்பர் சிலரே. வில்மெசானின் அந்த ஏடும் 1866 நவம்பரில் நின்றுபோயிற்று. நின்றுபோன ஓர் ஏட்டில் நண்பன் இழந்துவிட்ட இடத்தை, ஊரார் பார்க்காத ஒரு படத்தில் மீட்டுக்கொடுப்பதால் யாருக்கு என்ன பயன் என்று வினவலாம்.

முதல் வினாவுக்கு ஓரளவு விடை கூறலாம். செசான் தந்தையின் பழக்கத்தைப் பதிவு செய்ய முற்படவில்லை, தந்தையோடு வாதிடுகின்றார். வீட்டில் வாய்திறந்து சொல்லமுடியாததை வண்ணத்தாற் சொல்கின்றார். வாதத்தை வாதமாகவே நோக்கவேண்டும். இரண்டாவது வினாவுக்கு அவ்வளவு எளிதில் விடை இல்லை. தனிப்பட்டவர்க்கு மட்டும் விளங்கும் அஞ்சலி, அஞ்சலியாக எவ்வளவு ஆழமுடையதாயினும், பத்திரிகைக்குரிய பொதுமையை இழந்துவிடுகின்றது. சோலா ஆயிரக்கணக்கானோர் முன் உரத்துப் பேசியதற்குச் செசான் வீட்டுக்குள் மெல்லப் பதிலளித்தார்.

உரத்த பதிலை அளித்தவர் மனே. 1868 சலோனிற் காட்சிக்கு வைக்கப்பட்டு, இன்று பரிசின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய சோலா உருவப்படம் மிகப் பிரசித்தமானது. சோலா 1867இல் மனேயைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டு, அதனைச் சிறுநூலாகவும் ஆக்கியிருந்தார். அதற்கு நன்றியாக மனே அவரைத் தமது கூடத்துக்கு அழைத்து அமர்த்தி வரைந்தார். கருப்பு மேலங்கி அணிந்த சோலா பக்கவாட்டாக அமர்ந்து, கையில் விரித்த நூலுடன், எங்கோ நோக்குகின்றார். மேசையில் மையும் இறகுப் பேனாவும் நூற்குவியலும். அக்குவியலில் நீல அட்டையுடன் எழும்பி நிற்பது மனே பற்றிய அச்சிறுநூல். அதிலுள்ள 'மனே' என்னும் பெயரே படத்துக்குக் கையொப்பமாகவும் அமைகின்றது. சுவரில் மனேயின் 'ஒலிம்பியா'வின் பிரதி. அதன் அருகே வெலாஸ்குவேசின் ஓவியமொன்றின் பிரதியும் யப்பானிய மல்லன் ஒருவனின் அச்சுப்படமும். மூன்றும் மனேயின் விருப்பங்களே.

படம் நேர்த்தியானது, கருமையும் வெண்மையும் மோதும் இடங்களில் மனேயின் கைவன்மைக்கு ஈடில்லை. ஓவியம் என்ற வகையிற் செசானின் கரடுமுரடான படத்தை விட இது தேர்ந்தது என்பாரோடு வழக்கிட வேண்டியதில்லை. ஆயின் அஞ்சலி என்ற வகையில் இது என்ன சொல்கின்றது? இங்கு மதிக்கப்படும் பத்திரிகையாளர், ஓவியரைப் புகழ்ந்த பத்திரிகையாளர். அவரைச் சூழ்ந்துள்ள பொருட்கள் யாவும் ஓவியரைச் சுட்டுகின்றன. சுவரிலுள்ள ஒலிம்பியாவின் பார்வை மூலப்படத்திலிருந்து சற்று மாறி, தன்னைக் காத்து எழுதியவர் பக்கம் திரும்பியிருப்பதாகப் பலரும் கவனித்துள்ளனர். நயமான நன்றியறிதல், ஆனால் அது கொடுக்கல்வாங்கலின் எல்லையைத் தாண்டவில்லை. அக்காலத்திலேயே ஒடிலோன் ரெடோன், இது ஒரு மனிதனை வெளிப்படுத்தும் படமாக அன்றி ஒரு சடப்பொருள் ஓவியமாகவே தோன்றுகின்றது என்னுங் கருத்துப்பட எழுதினார். அது கடுமையான கூற்று. முற்றும் தவறான கூற்றன்று. சோலா நடுவர் குழுவை எதிர்த்து எழுதியதற்கும், அதனாற் பணியிடத்தை இழந்ததற்கும் மனேயின் படத்தில் ஒரு தடயமும் இல்லை. பதிலாக, அமைதியான வாசிப்பறை ஒன்று இருக்கின்றது. அந்த அறையும் சோலாவினதன்று. மனேயின் ஓவியக் கூடம்.

செசானுக்கோ, அச்சிற் புகழுரை எதுவும் கிடைத்திருக்கவில்லை. கிடைத்தது ஒரு காணிக்கையுரை மாத்திரமே. எனவே அவர் வரைந்தது புகழுரைக்கு விலையன்று.

இதுவரை கூறியதைக் கொண்டு முகத்தை வரைதல் வீண் என முடிவு செய்துவிடலாகாது. முகமே போர்க்களமாகும் காலங்கள் உண்டு. 1898 ஜனவரி 13ஆம் திகதி, திரேபுஸ் என்னும் யூத இராணுவ அதிகாரிக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து, சோலா குடியரசுத் தலைவருக்கு விளித்தெழுதிய கடிதம் 'லோறோர்' பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஓராண்டுச் சிறையும் 3000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. அவர் இங்கிலாந்துக்குத் தப்பியோட நேர்ந்தது. அவ்வேளையில் அவரது முகத்தை வரைந்து தள்ளியவர்கள் அன்பர்கள் அல்லர். போரேன், கரன் தாஷ் ஆகிய கேலிச்சித்திரக்காரர் திரேபுசின் ஆதரவாளரைத் தாக்குவதற்கென்றே ஒரு தாளை நடத்தினர். 1899இல் வெளிவரத் தொடங்கிய 'கோரங்களின் கூடம்' என்னும் சுவரொட்டி வரிசையிற் சோலா பன்றியாக வரையப்பட்டார். மூக்குக்கண்ணாடி, தாடி, நெற்றி எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன. ஒத்த சாயல் அன்பின் அடையாளம் என்று எண்ணுவோர் அச்சுவரொட்டியை ஒருமுறை காண்பது நன்று. சாயலை வெறுப்பும் நன்றாகவே பிடித்துவிடும்.

இதன் மறுபுறமும் உண்மையே. பகைவர் ஒரு முகத்தைச் சிதைக்கும்பொழுது, அதனைச் சிதையாது வரைவதே ஒரு செயலாகின்றது. இலங்கையில் இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் மயில்வாகனம் நிமலராஜன் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரிலில் தர்மரத்தினம் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க நடுவீதியிற் கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டார். அவர் கேலிச்சித்திரம் வரைபவருமாவார். கொல்லப்பட்டவனுடைய முகம் அஞ்சலிப் பொருள் மட்டுமன்று. வழக்கில் முடிவு காணப்படாத இடத்து அது ஒரு சான்றுப் பொருளுமாகும். காணாமலாக்கப்பட்டவனின் படத்தை ஏந்தி வீதியில் நிற்போர் அதனை ஓவியமாகக் கருதி ஏந்துவதில்லை. இப்படியொருவன் இருந்தான் என்பதே அங்கு செய்தி. புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பென்சிலால் வரையும் மாணவனின் உழைப்பை இந்த நிலையில் வைத்து நோக்குவோமாயின், முதலிற் கூறிய குறையின் கடுமை சற்றுத் தணியும். அவன் அந்த முகத்தோடு பல மணி நேரம் இருந்திருக்கின்றான். அது சிறிய காரியமன்று.

எனினும் அம்மாணவன் அந்தப் பத்திரிகையாளரின் ஒரு கட்டுரையையேனும் வாசித்திருக்கின்றானா என்பதைப் படத்தைக் கொண்டு அறியமுடியவில்லை என்னும் குறை அப்படியே இருக்கின்றது. செசானின் படத்தில் அது அறியக்கிடக்கின்றது. சோலாவின் கட்டுரைகளை வரி வரியாக வாசித்து, அவை யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் அறிந்த ஒருவரே அந்தப் பெயரை அந்தக் கையில் எழுதியிருக்கமுடியும்.

செசானைப் புனிதராக்குவதற்கும் இதன்கண் இடமில்லை. 1869ஐ அண்டி அவர் சோலாவின் முகத்தை மீண்டும் முயன்றார். போல் அலெக்சி என்னும் எழுத்தாளர் வாசிக்க, சோலா வெண்ணிற உடையிற் சரிந்து அமர்ந்து கேட்பதாக அமைந்த படம் அது. சோலாவின் உருவம் வெறும் வெள்ளைப் பரப்பாக, முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. சோலாவின் மனைவியார் மறைந்த பின்னரே அது வீட்டுப் பரணிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. சலோனின் கதவு செசானுக்கு ஒரேயொரு முறை, 1882இல், திறந்தது. அதுவும் கியுமேயின் மாணவர் என்னும் பெயரில். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்துமூன்று. பட்டியலில் ஓர் உருவப்படம் என்றே காணப்படுகின்றது. அது தந்தையின் இந்தப் படமே எனக் கருதுவோரும் உளர். அவர்கள் கருத்துச் சரியாயின், 'லெவெனெமான்' என்னும் பெயர், தான் எதிர்த்த நடுவர் குழுவின் சுவரிலேயே பதினாறு ஆண்டுகளின் பின் ஏறியது. அதனைக் கண்டுகொண்டவர் எவருமிலர்.

1886இற் சோலா, தோல்வியுற்றுத் தற்கொலை செய்துகொள்ளும் ஓர் ஓவியனைப் பற்றிய நாவலை வெளியிட்டார். அந்நாயகனிற் செசானின் சாயல் பலருக்கும் தெரிந்தது. நாயகனின் பெயர் குளோட். 1866இல் சலோன் கட்டுரைகளின் கீழ்ச் சோலா இட்ட புனைபெயரும் குளோட் என்பதே. நடுவர் குழுவை எதிர்த்த பெயரையே, தோற்ற ஓவியனுக்கு அவர் கொடுத்தார். ஓர் உருவப்படத்துக்கு மறு உருவப்படம் என்று இதனைக் கொள்ளலாம். எது நீதியானது என்பது வேறு விடயம். நட்புப் படிப்படியாக அறுந்தது. திரேபுஸ் விவகாரத்திற் செசானின் மனச்சாய்வு சோலாவின் எதிர்த்தரப்பின் பக்கமே இருந்தது. அதாவது, பத்திரிகையாளர் தம் வாழ்வின் மிகப் பெரிய கட்டுரையை எழுதியபொழுது, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வாசகரை வரைந்து கொடுத்தவர் நல்ல வாசகராக இருக்கவில்லை.

சோலா 1902 செப்டெம்பரில் இறந்தார். 1906 மே மாதம் எக்ஸ் நகர நூலகத்தில் அவருக்கு ஒரு மார்புச் சிலை திறந்துவைக்கப்பட்டது. அதனைச் செதுக்கியவர் பிலிப் சொலாரி. அவரும் பழைய பள்ளித் தோழரே. முகம் நன்றாகவே வந்திருந்தது. இன்னொரு தோழர் நூமா கோஸ்ட் எழுந்து, மூவரும் நால்வருமாக ஆற்றங்கரைகளில் திரிந்த இளமைக் காலத்தைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் அமர்ந்திருந்த அறுபத்தேழு வயதுச் செசான், பலரும் காண, விம்மி அழுதார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவரும் இறந்தார்.